கூரைப்பனி

நூற்று நான்கு வருடம் ஒரு கூரை பனிக்காகக் காத்திருந்தது. பிறகு ஒரு தை மாத வெள்ளிக்கிழமை காலையில் அதன் மேல் பனி விழுந்தது. ரேஷன் கடையின் மேல் விழவில்லை, பள்ளிக்கூடத்தின் மேல் விழவில்லை, கோயிலை ஒட்டியே இருக்கும் பங்குச் சாமியார் வீட்டின் மேலும் விழவில்லை. செபஸ்தியார் கோயில் கூரை எங்கே தொடங்குகிறதோ அங்கே தொடங்கி, எங்கே முடிகிறதோ அங்கே முடிந்தது. பூண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் களை எடுக்க வேண்டுமே என்று போய்விட்டார்கள்.

மூங்கில்கானல், பழனி மலையில் பஸ் திரும்பும் கடைசி ஊர். பனி எங்களுக்குப் புதிதல்ல. மார்கழியில் உருளைக்கிழங்கு இலையைக் கருக்கிப்போடும் உறைபனியை எல்லாரும் அறிவோம். அது தரையில் படரும், வெயில் பட்டதும் போய்விடும். இது வேறு. இது மேலிருந்து, எந்த அவசரமும் இல்லாமல், பிரித்துக் கொட்டிய இலவம்பஞ்சு மாதிரி இறங்கியது. அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்ததால் கூரைப்பனி என்று சொன்னோம், சொன்ன பிறகு அது காலங்காலமாக இருந்துவந்த சொல் போலவே ஆகிவிட்டது.

கோயிலைக் கட்டியவர் பொறுமைநாதர் சாமியார். அது அவர் இங்கே வந்து வைத்துக்கொண்ட பெயர். பிறந்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் கல்லறையிலும் பொறுமைநாதர் என்றுதான் வெட்டியிருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரர். தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலை மனதில் வைத்து, ஒரு விரற்கடை மாற்றாமல் அதையே இங்கே எழுப்பினார் என்பார்கள். அதனால் எங்கள் கோயில் பார்ப்பதற்குக் கைகூப்பி நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். கூரை அவ்வளவு செங்குத்து. பல்லி கூட யோசித்துத்தான் ஏறும். ஓட்டுக்குப் பதிலாக மீன்செதில் போல அடுக்கிய மரச்சில்லுகள். கூரையின் கீழ்விளிம்பை ஒட்டி, இரும்புக் கொக்கிகளில் படுக்கவைத்த நீளமான உருளைக்கட்டைகள், இரண்டு பக்கமும். அவை எதற்கென்று யாருக்கும் தெரியாது, அவற்றின் மேல் பூண்டுத்தாரைப் போட்டு உலர்த்துவோம். வடக்குச் சுவரில் ஒரு சன்னல்கூடக் கிடையாது. தெற்குச் சுவருக்கு வெளியே கூரை ஐந்தடி நீண்டு நிற்கும், அந்த நிழலில் சுவர் முழுக்க ஒரு ராட்சசப் படம்: கையில் தடி, தோளில் குழந்தை யேசு, முழங்கால்வரை ஆற்றுத் தண்ணீர். புனித கிறிஸ்தோபர். வரைந்தவர் மலைக்குக் கீழே இருந்து வந்த தமிழ் ஓவியர், அதனால் கிறிஸ்தோபருக்குச் சும்மாடும் முறுக்கு மீசையும் உண்டு. நாங்கள் அவரைச் சுமைகாரர் என்போம். காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மலையிறங்கினால் அன்றைக்குக் கெட்ட சாவு வராது என்று பொறுமைநாதர் சொல்லிவைத்தார்; பஸ் டிரைவர்கள்கூட இன்றுவரை ஹாரன் அடித்து அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அவர் காலடிக்கு நேரே, கூரை விளிம்புக்குக் கீழே ஒரு கருங்கல் வாய்க்கால். மழைத் தண்ணீர் செங்குத்துக் கூரையிலிருந்து அதைத் தாண்டி எகிறி விழுந்துவிடும், அதில் ஒரு சொட்டு ஓடியதில்லை.

உள்ளே, நடுக்கூடத்தின் நட்டநடுவில், ஈட்டிமரத்தில் ஒரு தூண் இருந்தது. ஆள் கட்டிப்பிடிக்கலாம், கை சேராது. அதன் தலைப்பில் ஒரு தாடிக்காரர் முகம், பாரம் தூக்கப் போகிறவன் மூச்சுப் பிடித்துக் கன்னத்தை உப்பிக்கொள்வானே, அப்படி.

அந்தத் தூணை அறுத்தவன் நான்.

எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது. பாயில் உட்காருவோம், பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். முதல் பூசைக்கு வந்த நாற்பத்தொரு குடும்பமும் அன்றைக்கு எங்கே உட்கார்ந்தார்களோ அதுவே அவர்கள் இடம். மகளுக்கும் மருமகளுக்கும் அதே இடம். கீழத்தெரு ராயப்பன் வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது தூணுக்கு நேர் பின்னால். நான்கு தலைமுறையாக அவர்கள் பீடத்தைப் பார்த்ததில்லை; மணியடிக்கும் சத்தத்தை வைத்து, சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்குவதைத் தெரிந்துகொண்டு தூணைக் கும்பிட்டார்கள். இரண்டடி தள்ளி உட்காரலாமே என்றால், அந்த இரண்டடி பக்கத்து வீட்டாருடையது. பக்கத்து வீட்டார் நகரலாமே என்றால், அதற்கும் பக்கத்தில் ஆள் உண்டு. கடைசியில், ஒரு குடும்பத்தை நகர்த்துவதைவிடத் தூணை எடுப்பது சுலபம் என்று ஊர் முடிவுசெய்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, மலைமேல் இருந்த ஒரே தச்சன். ராயப்பனின் தங்கை அமலோற்பவத்தை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். நான் ஏணிவைத்து ஏறி உத்தரத்தைத் தட்டிப்பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கீழே வந்து நின்றாள்.

"சுமக்குதா, சும்மா நிக்குதா?"

"தெரியல. மேல ஒரு சந்து இருக்கிற மாதிரி இருக்கு. மெல்லிசா ஏதாவது குடு, விட்டுப் பாப்போம்."

அவள் செபப் புத்தகத்திலிருந்து ஒரு மாதா படத்தை எடுத்து நீட்டினாள். தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் அந்த அட்டையை விட்டேன். அது ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்துவிட்டது. தூண் உத்தரத்தைத் தொடவே இல்லை.

"சும்மாதான் நிக்குது" என்று ஊர் முன்னால் சொன்னேன். "அலங்காரத்துக்கு வெச்சிருக்காரு."

மூன்று நாள் அறுத்தோம். அந்த மரத்தில், சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூடு ஒன்று செய்து, தாடிக்காரர் முகத்தை அதன் உச்சியில் பொருத்தினேன். தூண் நின்ற சதுரக் கல்லின் குழியில் மண் நிரப்பிப் பாய் விரித்தோம். எங்கள் கல்யாணப் பூசையில்தான் அமலோற்பவம் முதன்முதலாகத் தன் இடத்தில் இருந்து பீடத்தைப் பார்த்தாள். "மெழுகுவர்த்தி ஆறா இருக்கு! நான் நாலுன்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

முப்பது வருடம் அப்படிப் போனது. பிறகு பனி வந்தது.

முதல் வருடம் நான்கு நாள் இருந்தது. கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்பிள்ளை தொம்மை, செருப்புக் காலோடு யாரும் கிட்டே வரக்கூடாது என்று சட்டம் போட்டார். வீட்டுக்கு ஒரு சொம்பு பனி, கோயிலில் உட்காரும் வரிசைப்படி. பெண்கள் தலைவலிக்குத் தடவினார்கள். டீக்கடையில் எலுமிச்சை சர்பத்தில் போட்டார்கள். பஸ் டிரைவர் ஒருவர் பிளாஸ்கில் அடைத்து வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து காட்டினார், உள்ளே தண்ணீர் இருந்தது. நம்பினவர்கள் நம்பினார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி குழந்தைவேலு வந்து அண்ணாந்து பார்த்தார். "ஏன் தொம்மை, எங்க ஆத்தாளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதா? பங்குனியில உள்ள உட்கார முடியல" என்றார். வானிலையை அளக்கிற ஒருவர் வந்து, ஒரே ஒரு கூரையில் பனி விழுந்தால் எழுதத் தன் படிவத்தில் இடமில்லை என்று சொல்லி, உறைபனி என்றே எழுதிக்கொண்டு போனார். மறைமாவட்ட ஆயரிடமிருந்து வந்த வயதான சாமியார், யாருக்காவது நோய் தீர்ந்ததா என்று தொம்மையிடம் விசாரித்தார்.

"இல்லைங்க சாமி."

"முடவன் நடந்தானா?"

"இல்லைங்க."

"பின்னே இதனால என்ன பலன்?"

தொம்மை நிறைய யோசித்தார். "சர்பத்து நல்லா இருக்குங்க சாமி."

எனக்கு அந்த நான்கு நாளும் தூக்கம் போயிருந்தது, சந்தோஷத்தில். ஒரு மனிதர் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்தை அப்போதுதான் ஒருவர் பிரித்துப் படிப்பதுபோல் இருந்தது. கூரை ஏன் அவ்வளவு செங்குத்து என்று தெரிந்தது. பனி அதில் தங்க முடியாமல் மெல்ல நழுவியது. கீழ்விளிம்புக் கட்டைகள் ஏன் என்று தெரிந்தது. நழுவிய பனியை அவை தடுத்து நிறுத்தி, நடந்துபோகிறவர்கள் தலையில் மொத்தமாக விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. வடக்கே ஏன் சன்னல் இல்லை என்று பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட அந்தப் பக்கத்துச் சுவரில் கைவைத்ததும் தெரிந்தது. நீண்ட தாழ்வாரத்தைத் தாண்டித் தூரமாய்ப் போய்ப் பனி விழுந்தது, சுமைகாரர் மேல் ஒரு துளி தெறிக்கவில்லை. வெயில் வந்ததும் உருகின தண்ணீர் கருங்கல் வாய்க்காலில் இறங்கி, படத்தில் இருந்த ஆறு அங்கிருந்து புறப்பட்டு வருகிற மாதிரியே, அவர் காலடியில் சலசலத்து ஓடியது. ஊரே நின்று கேட்டது.

இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்துகொண்டிருந்தபோது, நான்காம் நாள் சாயங்காலம், பதில் வராத கேள்வி இன்னும் ஒன்றுதான் பாக்கி என்பது எனக்கு உறைத்தது. அந்தத் தூண். அந்த அட்டைகனச் சந்து.

பனி ஏறினால் உத்தரம் வளையும். வளைந்து வந்து உட்காருவதற்காக விட்ட சந்து அது. பனி இல்லாத ஊரில் பனிக்காக நின்ற தூணை, சும்மா நிற்கிறது என்று சொல்லி அறுத்தவன் நான்.

இரண்டாம் வருடம் பனி வருவதற்கு முன்னால், உத்தரத்தின் நடுவில் ஓர் ஆணி அடித்து, சுவர் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். பாயை விலக்கி, பழைய சதுரக் கல்லின் விளிம்புக்கு மேல் சரியாக இரண்டு விரல் உயரத்தில் குண்டை நிறுத்தினேன். அமலோற்பவத்துக்கு முன்னால்தான் அது தொங்கியது.

"ஏங்க, எம் முன்னால எதுக்கு நூலு?"

"உத்தரம் நேரா இருக்கான்னு பாக்குறதுக்கு."

"இத்தன வருசமா நேராத்தானே இருந்துச்சு?"

நான் பாயை மறுபடி விரித்தேன். அந்த வருடம் பனி விழுந்த ஐந்து நாளும் பூசை நேரத்தில் அவள் பீடத்தைப் பார்க்கவில்லை, குண்டைத்தான் பார்த்தாள். அது ஒரு விரல் இறங்கியது. பனி போனதும் முக்கால் விரல் ஏறியது. கால் விரல் ஏறவே இல்லை.

மூன்றாம் வருடம் பனி பொங்கலுக்கு முன்பே வந்துவிட்டது, வந்தது போகவில்லை. கீழ்விளிம்புக் கட்டைகள் தடுத்து நிறுத்தியதன் மேலேயே மேலும் விழுந்தது. கூரை இடுப்புயரத்துக்கு வெள்ளையாக நின்றது. செபஸ்தியார் திருவிழாவுக்குக் கொடியேற்றியாகிவிட்டது, தை ஏழாம் தேதி பெரிய பூசை, முந்நூறு பேர் வருவார்கள், பனியைப் பார்க்க வருகிறவர்கள் வேறு. குண்டு கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது.

யாரிடம் சொல்வது? முப்பது வருடமாகத் தச்சன் இன்னாசி ஒன்று சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் இந்த ஊர் வீடு கட்டியது. நேராகப் பங்குச் சாமியார் மரியநாயகத்திடம் போனேன். அவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், நான் அறுத்த ஈட்டிமரத்தின் மேலேயே முழங்கால் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"இன்னாசி, இத ஏய்யா இங்க வந்து சொன்ன?"

"சாமி, பாவம்தானே..."

"வெளிய வெச்சு சொல்லியிருந்தா நான் கோயிலப் பூட்டியிருப்பேன். பாவசங்கீர்த்தனத்துல கேட்டது வெளிய போகக்கூடாதுய்யா, அதை வெச்சு நான் ஒரு சுண்டுவிரலை அசைக்க முடியாது. ஏன் பூட்டினீங்கன்னு ஊரு கேட்டா நான் என்னன்னு சொல்ல? என் வாயக் கட்டிட்டியேய்யா."

"இப்ப வெளிய வந்து திரும்பச் சொல்லட்டுங்களா?"

"சொல்லலாம். ஆனா என்கிட்ட மட்டும் சொல்லாத. அறுக்கும்போது யார் முன்னால சொன்னியோ அவுங்க முன்னால சொல்லு. அதுதான் உனக்கு அபராதம்."

திருவிழாக் காலை. கோயில் நிரம்பியிருந்தது. வெளியே வெயிலும் உள்ளே பனிக்குளிருமாக இருந்ததால் எல்லாருக்கும் ஒரே உற்சாகம். போர்வைக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். திருவிழாத் தலைவர் என் மச்சான் ராயப்பன், பட்டுத்துண்டோடு முன்னால் நின்றார். நான் நடுக்கூடத்துக்குப் போய் நின்றேன். கையைத் தட்டிப் பேச்சை நிறுத்தினேன்.

"எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்க. கூரை தாங்காது."

ராயப்பன் சிரித்தார். "மாப்ளே, காலைலேயேவா?"

"மச்சான், இங்க ஒரு தூணு இருந்துச்சு."

"அதான் சும்மா நின்ன தூணாச்சே. நீதானப்பா சொன்ன!"

"சொன்னேன். பனி இல்லாதப்ப சும்மாதான் நின்னுச்சு. அது பனிக்காக நின்ன தூணு. எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரும் எழவில்லை. எழுந்தால் இடம் போய்விடும். வெளியூர்க்காரர்கள் அவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "பூசை முடியட்டும் இன்னாசி, பாத்துக்கலாம்" என்று தொம்மை பின்னாலிருந்து குரல் கொடுத்தார். பங்குச் சாமியார் பீடத்தின் பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், வேர்த்து வழிந்தது.

அப்போது அமலோற்பவம் எழுந்தாள்.

நூறு வருடத்துக்கு மேலாக, பூசை முடியும்முன் ராயப்பன் வீட்டுப் பெண்கள் அந்த இடத்தை விட்டு எழுந்ததில்லை. தூண் மறைத்தபோது எழவில்லை. அவளுடைய அம்மா அந்த இடத்தில்தான் பிரசவ வலி கண்டு, கடைசி ஆசீர்வாதம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். அமலோற்பவம் எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைக் காட்டினாள். பித்தளைக் குண்டு கல்லின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. நூல் தொய்ந்து அதன் மேல் சுருண்டிருந்தது.

"குண்டு படுத்திருச்சு, அண்ணே" என்றாள். "நா வெளிய போறேன்."

அவள் போனாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாயைச் சுருட்டினாள். பிறகு பாய் சுருட்டும் சத்தம் கோயில் முழுக்கப் பரவியது. எல்லாரும் போன பிறகு உத்தரம் ஒருமுறை முனகியதை நானும் ராயப்பனும் கேட்டோம். அவர் பட்டுத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்ன செய்யணும்னு சொல்லு மாப்ளே."

"ஏறிப் பனியத் தள்ள முடியாது. ஏறுற ஆளு பாரமே கடைசிப் பாரமாயிரும். மரம் வேணும் மச்சான். பதினேழடி, வைரம் பாஞ்ச மரம். இப்பவே."

காட்டில் போய் வெட்டிக் கொண்டுவர இரண்டு நாள் ஆகும். ஊரில் அவ்வளவு நீளமும் தடிமனும் உள்ள மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து அதைப் பார்த்தோம். கோயில் முற்றத்தில் கொடிமரம் நின்றது, உச்சியில் செபஸ்தியார் கொடியோடு.

தொம்மை குறுக்கே வந்து நின்றார். "கொடி இறங்காம மரத்தைத் தொடக்கூடாது. திருவிழா முடியாம கொடியை இறக்கக்கூடாது."

"கொடியை யாரு இறக்கச் சொன்னா?" என்றார் பூசாரி குழந்தைவேலு. அவர் பனி பார்க்க வந்தவர். "கொடியோட தூக்கிட்டுப் போவோம். உள்ள போய் நின்னா அதுவும் ஏத்துனதுதானே!"

தொம்மை பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியாருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "தூக்குங்கய்யா!" என்று கத்தினார்.

நாற்பது பேர் தோண்டி, கயிறு போட்டுச் சாய்த்து, தோளில் ஏற்றினார்கள். சுமைகாரர் படத்துக்கு முன்னாலேதான் மரத்தைப் படுக்கவைத்து அறுத்தேன். உச்சிப் பக்கம் மெல்லிசு. அடியிலிருந்துதான் அளவு எடுத்தேன். ராயப்பன் ரம்பத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அறுந்து விழுந்த உச்சியிலிருந்து கொடியை, முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றோடு அப்படியே உருவி, புதுத் தூணின் மேல்பக்கத்தில் சுற்றிக் கட்டினார் தொம்மை, கொடி ஒரு கணம்கூடத் தரையைத் தொடவில்லை என்பதற்குத் தானே சாட்சி என்று சொல்லிக்கொண்டே. உள்ளே பத்துப் பேர் போதும் என்றேன். பதினேழு பேர் வந்தார்கள். பாவசங்கீர்த்தனக் கூட்டின் உச்சியில் இருந்து தாடிக்காரர் முகத்தைப் பெயர்த்து மரத்தின் தலையில் வைத்தோம். குழியில் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு அடியை இறக்கி, நிமிர்த்தி, ஆப்பு வைத்து அடித்தேன். நான்காவது ஆப்பு இறங்கியபோது மேலே ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப தூரம் நின்றுகொண்டே பஸ்ஸில் வந்த வயசாளிக்கு இடம் கிடைத்தால் ஒரு சத்தம் வருமே, அது. கூரை முழுவதும் உட்கார்ந்தது. தாடிக்காரர் முகம் அதேதான், உப்பின கன்னம், பிடித்த மூச்சு. ஆனால் இப்போது அது காரணத்தோடு இருந்தது.

பூசை பன்னிரண்டு மணிக்கு நடந்தது. அன்றுமுதல் எங்கள் ஊரில் மட்டும் திருவிழாக் கொடி கோயிலுக்குள்ளே ஏறுகிறது. பக்கத்துப் பங்குக்காரர்கள் சிரிப்பார்கள். அதற்கும் பழகிவிட்டோம்.

என்னை ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம், அளவு எடுக்கப் போகும் இடமெல்லாம், "சும்மா நிக்குதா, சுமக்குதா இன்னாசி?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான். நான் "தெரியல, பாத்துச் சொல்றேன்" என்று பதில் சொல்லப் பழகினேன்.

அமலோற்பவத்தின் இடம் மறுபடி தூணுக்குப் பின்னால் போனது. இப்போது நகர்ந்து உட்காரப் பக்கத்து வீட்டாரே சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"முப்பது வருசம் பாத்தாச்சு. ஆறு மெழுகுவர்த்தி. எனக்குத் தெரியும்" என்றாள். "முதுகு வலிக்குது. சாஞ்சுக்க ஒண்ணு கெடச்சுதே."

பதினான்கு வருடம் அதில் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துத்தான் பூசை கண்டாள். கடைசி வருடம் நடக்க முடியாமல் நாற்காலியில் தூக்கி வந்து அங்கேயே வைத்தோம்.

அவள் போன பிறகு, ராயப்பன் வீட்டுப் பெண்களிடம் கேட்டுக்கொண்டு, அந்த இடத்தில் நான் உட்காருகிறேன். பெண்கள் பக்கத்தில் ஓர் ஆண் உட்காருவது எங்கள் கோயிலில் அதற்குமுன் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை தொம்மையின் மகன் வந்து ஏதோ சொல்ல நின்றான், பிறகு பாயை எனக்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டுப் போனான். இங்கிருந்து பீடம் தெரியாது. மரம்தான் தெரியும். உட்கார்ந்தால் என் கண்ணுக்கு நேராக, தேங்காயெண்ணெய் ஊறிக் கருத்து வழவழப்பான ஓர் இடம், ஒரு பெண் தலையளவு.

அந்த மாதா படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடையில் மரம் காய்ந்து ஒடுங்கும்போது, தாடிக்காரர் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் அட்டைகனத்துக்கு ஒரு சந்து விழும். பொறுமைநாதர் விட்டது போலவே அதை விட்டுவைத்திருக்கிறேன், ஆப்பு அடித்து மூடவில்லை. மார்கழி பிறந்ததும் ஏணிவைத்து ஏறி அட்டையை அதில் செருகிவிட்டு, ஒரு நூல் கட்டித் தொங்கவிட்டுக் கீழே வந்து உட்காருவேன். தினமும் பூசையில் நூலை லேசாக இழுத்துப் பார்ப்பேன். அட்டை வந்துவிடும், மறுபடி ஏறிச் செருகுவேன். எனக்கு வயது எண்பதுக்கு மேல், ஏறாதே என்கிறார்கள்.

ஒரு காலையில் இழுத்தால் வராது. மேலே யாரோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அப்போது நான் தலையைச் சாய்த்து அந்த வழவழப்பான இடத்தில் வைத்துக்கொள்வேன். வெளியே போய்ப் பார்க்க மாட்டேன். கதவருகில் இருப்பவர்கள் "பனி! பனி!" என்று சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுவரை அது விழுவது எனக்கும் மரத்துக்கும் மட்டும்தான் தெரியும்.